கடைசி வாங்கில் இரண்டு பேர்

என் வயதுக்காரர்களே, நாங்கள் கூடும்போதெல்லாம் முழங்கால் நோ, சீனி வருத்தம், வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று இந்தக் கதைகளைத்தான் மாற்றி மாற்றிக் கதைக்கிறோம். போன முறை உங்களில் ஒருத்தி மட்டும் என்னிடம் வேறொன்று கேட்டாள். “நீ விசேட கல்வி படிச்சனி. பேந்து ஏன் எல்லாப் பிள்ளையளையும் ஒரே வகுப்பிலை போட்டுக் குழப்பியடிக்கிறாய்?” நான் தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் பிறக்கவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெற்கே ஒரு கடலோரப் பட்டினத்தில் தபால் கந்தோர் வேலை. அந்தப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் சிங்களப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். வீட்டில் அம்மா தமிழில் கேட்பார், நான் சிங்களத்தில் பதில் சொல்வேன். அம்மாக்கள் கதைப்பது ஒரு மாதிரி, பிள்ளைகள் கதைப்பது வேறு மாதிரி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதில் கலவரம் வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள மாமி எங்களைத் தன் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டி, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுளகுச் சத்தம் கேட்கும்வரை நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று எனக்கு நினைப்பு. பிறகு முகாம். பிறகு சரக்குக் கப்பல். கப்பலின் இரும்புத் தளத்தில் நெருக்கியடித்துப் படுத்து, வாந்தியும் எண்ணெயும் கலந்த மணத்தோடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினோம். அம்மா குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நான் பனைமரங்களைப் பார்த்துப் பயந்துபோனேன். எங்கள் பட்டினத்துத் தென்னைகள் எல்லாம் வளைந்து நிற்கும். இவை நேராக நின்று ஆட்களை எண்ணுவதுபோல இருந்தன.

சண்டிலிப்பாயில் பெரியம்மா வீட்டில் ஒரு அறை கிடைத்தது. போய்ச் சேர்ந்த அன்றே அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். “வீட்டிலையும் வெளியிலையும் உந்தப் பாஷை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. விளங்குதோ?”

“ஏன்?” என்றேன், சிங்களத்தில்.

அம்மா என் வாயைப் பொத்தினார். என் பையிலிருந்த சிங்கள வாசிப்புப் புத்தகம் அன்றைக்கு அடுப்புக்குள் போனது. தகரப் பென்சில் பெட்டி ஒன்று மட்டும் தப்பியது. மூடியில் பச்சைக்கிளிப் படம். என் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி தந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லாததால் அம்மா விட்டுவிட்டார். பின்னாளில் இடம்பெயர்ந்த ஓட்டத்தில் அதுவும் எங்கேயோ போய்விட்டது. இன்றைக்கும் கடைகளில் தகரப் பெட்டி கண்டால் மூடியைத் திருப்பிப் பார்ப்பேன்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெரிய வாத்தியார் ஒரு பக்கத்தை விரித்து வாசிக்கச் சொன்னார். நான் அவருடைய மேசையிலிருந்த மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “வயதுக்கு நாலாம் வகுப்பு. ஆனால் அ, ஆ தெரியேல்லை. இரண்டிலை இருக்கட்டும்” என்றார். அப்பா தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

முதல் நாள் இடாப்புக் கூப்பிடும்போது என் பெயர் வந்தது. நான் எழும்பி, பழக்கத்தில், “இன்னவா” என்றேன். ‘இருக்கிறேன்’ என்பதற்குச் சிங்களம். வகுப்பில் கூரை பறக்கச் சிரிப்பு. ரீச்சரும் சிரித்தார், கெட்ட மனதோடு இல்லை. இடைவேளையில் “சிங்களத்தி” என்று பெயர் வந்தது. இரண்டு நாள் கழித்துத் தூறல் விழுந்தது. எனக்குத் தெரிந்த தமிழை வைத்து எல்லாரோடும் சேர்ந்துவிடலாம் என்ற ஆசையில், “மலை பெய்யுது” என்றேன். அந்த ‘ழ’ எனக்கு வராது. “எங்கை மலை? யாழ்ப்பாணத்திலை ஏது மலை?” என்று பெடியள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து நடித்தார்கள். அன்றோடு வாயை மூடினேன். வீட்டில் சிங்களம் கூடாது, வெளியில் தமிழ் வராது. மிஞ்சியது ஒன்றுமில்லை.

பிள்ளை பயத்தில் ஊமையாகிவிட்டது என்று பெரியம்மா முடிவு கட்டினார். இணுவில் பரியாரியாரிடம் கூட்டிப்போனார்கள். அவர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வசம்பு உரைத்துத் தடவச் சொன்னார். விடியற்காலையில் அந்தக் கைப்போடுதான் நான் எழும்புவேன். நாக்கில் குறை இருப்பதாக எல்லாரும் நம்பினார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்தப் பாஷையில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

ரீச்சர் என்னைக் கடைசி வாங்குக்கு, சுவரோரம் கிடந்த நீள இருக்கைக்கு, மாற்றினார். அங்கே ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. தோட்டக்காரர் ஒருவரின் மகள். இரண்டாம் வகுப்பில் அது அவளுக்கு மூன்றாவது வருடம். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். ரீச்சர் சரி போட்டுக் கொடுப்பார். அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்பது எல்லாருடைய எண்ணமும். என்னைப் பற்றியும் அதே எண்ணம்தான். “இரண்டும் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காதுகள்” என்று ரீச்சர் பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. என் வாங்குத் தோழிக்குக் கேட்கவில்லை.

முதல் கிழமை நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. பிறகு ஒரு நாள் அவள் தன் வாசிப்புப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். மூன்று வருடமாகத் தடவித் தடவி ஓரமெல்லாம் பஞ்சாகிப்போன புத்தகம். ஒரு சொல்லில் விரலை வைத்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, யன்னலுக்கு வெளியே இருந்த கிணற்றைக் காட்டினாள். மறுபடி சொல்லைக் காட்டினாள்.

எனக்கு விளங்கியது. அந்தச் சுழிகளும் கோடுகளும் கிணறு. படங்களைப் பார்த்துப் பார்த்து எந்த எழுத்துக் கூட்டம் எந்தப் பொருள் என்று அவள் தானாகவே பாடமாக்கியிருந்தாள். அதன் சத்தம் அவளுக்குத் தெரியாது. எனக்குச் சத்தம் தெரியும், எழுத்துத் தெரியாது. “கிணறு” என்றேன் மெல்ல. அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து, இன்னொருமுறை சொல் என்று தலையை அசைத்தாள்.

அப்படித்தான் தமிழ் வாசிக்கப் பழகினேன். ரீச்சர் முன்னால் நின்று ஒன்று படிப்பிப்பார். பின்னால் எங்களுடைய பள்ளிக்கூடம் தனியாக நடக்கும். உரல், பூசணி, விளக்குமாறு. அவள் காட்டுவாள், நான் சொல்வேன். என் ‘ழ’வைக் கேட்டுச் சிரிக்க அவளால் முடியாது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. ‘மழை’யை அவளிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாக்கை மடிக்கும்போது தொண்டையில் ஏற்படும் அதிர்வு வேறாக இருந்திருக்க வேண்டும். சரியாக வந்த அன்று அவள் கண்ணை அகல விரித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு தோட்டத்துக்குப் போவேன். புகையிலை எங்கள் கழுத்தளவுக்கு நிற்கும். பக்கக் குருத்துகளை உடைத்தால் கை முழுக்கப் பசை ஒட்டிக் கறுத்துவிடும், மண் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொட்டிலுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை போட்டிருப்பார்கள். இலைகள் தோரணம்போலத் தொங்கும். அந்தப் புகையில் கண் எரிந்து இருவரும் அழுவோம், அழுதபடியே சிரிப்போம். அவளிடம் சொந்தமாகக் கைப் பாஷை ஒன்று இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு மீசையை முறுக்க வேண்டும். ரீச்சருக்கு முந்தானையைச் சரிசெய்ய வேண்டும். எனக்கு, கை இரண்டையும் அலைபோல ஆட்டுவாள். கப்பலில் வந்தவள். ஊரில் என்னைச் சிங்களத்தி என்று கூப்பிடாதவள் அவள் மட்டும்தான்.

பங்குனி மாதத்தில் அது நடந்தது. அவளுடைய அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். அவள் தலையில் சோற்றுப் பெட்டியோடு முன்னால் வரம்பில் நடந்தாள். என் செருப்பு வார் அறுந்ததால் நான் ஒழுங்கைப் பாதையில் பின்தங்கிவிட்டேன். பின்னால் ட்ரக் நின்ற சத்தம் கேட்டது. ஆமிக்காரர் குதித்து இறங்கி ஒழுங்கை முழுக்கப் பரவினார்கள். தோட்டங்களில் நின்ற சனம் இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டது. ஒருவன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, “நில்!” என்று சிங்களத்தில் கத்தினான். நான் நின்றேன். அவள் நடந்துகொண்டிருந்தாள்.

மறுபடி கத்தினான். அவள் பெட்டியைத் தலையில் சரிசெய்துகொண்டு போனாள். அவன் துவக்கைத் தூக்கினான். அவன் பெரியவன்கூட இல்லை. பெரியம்மாவின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

“மாமே!” என்று நான் கத்தினேன். மாமா என்று எங்கள் பட்டினத்தில் எல்லா ஆண்களையும் கூப்பிடுவோம். “சுட வேண்டாம் மாமே! அவளுக்குக் காது கேட்காது! கேட்காது!” எல்லாம் சிங்களத்தில். அத்தனை மாதமாகத் தொண்டைக்குள் அடைத்திருந்த பாஷை ஒரே வீச்சில் வெளியே வந்தது. பிறகு அழுகை வந்தது, நிற்கவில்லை.

அவன் திகைத்து என்னைப் பார்த்தான். “நீ எந்த ஊர்?” பட்டினத்தின் பெயரைச் சொன்னேன். துவக்கு இறங்கியது. அந்த நேரம்தான் என் வாங்குத் தோழி திரும்பிப் பார்த்தாள். பெட்டியை வரம்பில் இறக்கி வைத்துவிட்டு எங்களை நோக்கி ஓடிவந்தாள். என் கையைப் பிடித்தாள். அவன் அவளுடைய காதோரம் விரலைச் சொடுக்கிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. “வீட்டுக்குப் போங்கள், கெதியாக” என்றான்.

பொழுது படுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊமை என்று நினைத்த பிள்ளை ஆமியோடு சிங்களம் கதைத்தது. அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். நல்லவிதமாகச் சொன்னவர்கள் குறைவு. அம்மா என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை மடியில் இருத்தி, “என்னெண்டு சொன்னனி? அப்பிடியே சொல்லு” என்றார். சொன்னேன். வீட்டுக்குள் ஒலித்த அந்தச் சிங்களத்தைக் கேட்டு அம்மா என் தலையில் முகத்தை வைத்து அழுதார். அடுத்த நாளிலிருந்து வசம்பு நின்றது.

தோழியின் அப்பா எங்கள் வளவுக்கு வந்தார். கதிரை போட்டும் இருக்கவில்லை. “உங்கடை பிள்ளை இல்லாட்டி நான் இண்டைக்கு…” என்று தொடங்கி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, “இனி அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டன். காது கேக்காத பிள்ளைக்கு றோட்டு ஏலாது” என்றார்.

“நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றேன் நான், தமிழில். பெரியவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வாங்கில் நான் தனியாக இருந்தேன். இடைவேளைக்கு மணி அடித்ததும் ரீச்சரின் மேசைக்குப் போனேன். “ரீச்சர், அவளை வரச் சொல்லுங்கோ.”

ரீச்சர் பேனையைக் கீழே வைத்தார். நான் கதைத்து அவர் கேட்ட முதல் முழு வசனம் அது. ஏதாவது அன்பாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய கண் கலங்கியது. “வந்தாப்போலை? கேக்காத பிள்ளைக்கு என்னெண்டு படிப்பிக்கிறது? எனக்கு ஆரும் அதைச் சொல்லித் தந்தவையோ பிள்ளை?” என்றார். அன்றைக்கு அவரில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் எங்களைக் கடைசி வாங்கில் இருத்தியது எங்களை வெறுத்ததால் என்று பல வருடம் நினைத்தேன். அவர் எங்களைக் கண்டு பயந்திருக்கிறார். ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த இரண்டு பேரை என்ன செய்வதென்று தெரியாத பயம். அந்தப் பயம் என்னவென்று நானும் ஒரு வகுப்புக்கு முன்னால் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

அந்த வருடம் முடியுமுன் என்னை என் வயது வகுப்புக்கு மாற்றினார்கள். அவள் தோட்டத்தோடு நின்றுவிட்டாள். பின்னேரங்களில் புத்தகத்தைக் கொண்டுபோவேன். கொஞ்சக் காலம் நடந்தது. பிறகு சண்டை, பிறகு மழைக்குள் ஊரே எழும்பிப் போன அந்த இடப்பெயர்வு. தென்மராட்சியில் கூடாரத்துக்குள் தொண்டர் ஆசிரியையாகத் தொடங்கினேன். பிறகு உங்களோடு ஆசிரியர் கலாசாலை. யாரும் எடுக்காத, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான விசேட கல்வியை நான் ஏன் எடுத்தேன் என்று அப்போதும் கேட்டீர்கள். ரீச்சர் அன்று கேட்ட கேள்விக்கு ஒரு விடையை எங்கேயாவது கண்டுபிடிக்க வேண்டும்போல இருந்தது.

முதல் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஒரு அலகு தந்தார்கள். வளவின் கோடித் தொங்கலில் தனி அறை, எட்டுப் பத்துப் பிள்ளைகள். சுவரெல்லாம் படம் ஒட்டினேன். நன்றாகத்தான் படிப்பித்தேன். பார்க்க வருகிறவர்களுக்கு, ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிய கதையைச் சொல்வேன். நான் காப்பாற்றிய தோழிக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று முடிப்பேன். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது.

சண்டை ஓய்ந்தபிறகு அவளைத் தேடிப் போனேன். அதே தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு. புருஷன், ஒரு மகள், வெங்காயச் செய்கை. என்னைக் கண்டதும் கையிரண்டையும் அலைபோல ஆட்டினாள். மகளுக்குக் காது கேட்கும். தாயின் கைப் பாஷையைக் கடகடவென்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஆமிக்காரர் வந்த நாள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கோ எண்டு கேளும் பிள்ளை” என்றேன்.

என் தோழி சிரித்தாள். எழும்பி நின்று நடித்தே காட்டினாள். தலையில் பெட்டி. திரும்பிப் பார்ப்பது. துவக்கு. அழுகிற ஒரு பிள்ளை. ஓட்டம்.

மகள் சொன்னாள்: “அம்மா திரும்பிப் பாத்தவவாம். ஆமிக்காரர் உங்களைப் பிடிச்சு வைச்சிருந்தவையாம், நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்களாம். அம்மா ஓடிவந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போனவவாம். நீங்கள் சின்னனிலை சரியான பயந்தாங்கொள்ளியாம் அன்ரி.”

விளக்கிச் சொல்லக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. அவள் என் சத்தத்தைக் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் தோட்டமும் தகப்பனும், பின்னால் துவக்குகளும் நான் ஒருத்தியும். அவள் பின்னால் ஓடிவந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அத்தனை வருடமாக அந்த ஓட்டத்தை நான் என் கதையின் வால்போல ஒட்டிச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். “ஓம்” என்று தலையாட்டினேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள். வெங்காய மணம் அடித்தது.

திங்கட்கிழமை என் அலகுக்குள் போய் நின்றேன். என் பிள்ளைகளுக்கு அந்த அறைக்குள் நானும் சுவர்ப் படங்களும்தான் இருந்தோம். அவர்களிடம் போய்ப் புத்தகத்தைத் தள்ளிவைக்க ஒரு வாங்குத் தோழி இல்லை. அவர்கள் கையைப் பிடிக்க வேண்டிய பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், பெரிய கட்டடத்தில் இருந்தார்கள்.

பள்ளிக்கூட அதிபரிடம் இரண்டாம் வகுப்பைக் கேட்டேன், என் பிள்ளைகளையும் அதிலேயே விடச் சொல்லி. “உதெல்லாம் சரிவராது ரீச்சர். மற்றத் தாய் தகப்பன் சண்டைக்கு வருவினம்” என்றார். வந்தார்கள். இரண்டு பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். முதல் தவணை, அந்த மூன்று மாதமும், எனக்குத் தொண்டை கட்டி, தலையிடித்து, விட்டுவிடலாம் என்றிருந்தது. சத்தம் தாங்காமல் மேசைக்குக் கீழே போய் இருக்கும் ஒரு பெடியனை எப்படி வெளியே எடுப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் இன்னொரு பிள்ளை தானும் புத்தகத்தோடு மேசைக்குக் கீழே போய் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு விட நினைக்கவில்லை.

இந்த வருடமும் இரண்டாம் வகுப்புத்தான். காது கேட்காத ஒரு பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒருத்தி, சுவிஸிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெடியன். அவனுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. போன கிழமை அவனுடைய தகப்பன் வந்து கதவடியில் நின்றார். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய முகத்தில் கவலை.

“ரீச்சர், உங்களுக்கு இத்தனை பிள்ளையள். இதுக்குள்ளை என்ரை மகனை ஆர் பாப்பினம்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய மகன் சக்கர நாற்காலிக்காரிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தான். அவளுடைய சில்லுக்குள் சிக்கிய நூலை இருவருமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ சொல்லிக் கொடுக்க, அவன் பிழையாகத் திருப்பிச் சொல்ல, அவள் சிரிக்க, அவனும் சிரித்தான்.

“தெரியாது ஐயா” என்றேன். “இதுக்குள்ளை ஆர் ஆரைப் பாக்கினமெண்டு எனக்கே இன்னும் பிடிபடேல்லை. வந்து கொஞ்ச நேரம் இருந்து பாருங்கோ.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.